பேருந்தின் அடிச்சட்டமும் படிக்கட்டும்

முழங்கால் நோவுள்ள பாட்டி, தாழ்தளப் பட்டணத்துப் பேருந்தில் ஒரே எட்டில் ஏறிவிடுகிறார். அதே பாட்டி கோலாலம்பூர் செல்லும் விரைவுப் பேருந்தில் ஏற, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூன்று நான்கு படிகள் மிதிக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே கம்பெனியின் வண்டிகளாகக்கூட இருக்கலாம். பிறகு ஏன் இந்த வேற்றுமை?

நம் கண்ணுக்குப் படாத அடிச்சட்டத்தில்தான் விடை இருக்கிறது. பட்டறைக்காரர்கள் அதைச் 'சேசிஸ்' என்பார்கள். இரும்புச் சட்டம், இயந்திரம், கியர்ப்பெட்டி, சக்கரங்கள், பிரேக் எல்லாம் சேர்ந்தது அது. கூரை, சன்னல், நாற்காலி ஆகியவற்றைப் பெரும்பாலும் வேறொரு கம்பெனி பொருத்தும். சுவீடன் நாட்டு ஸ்கானியாவின் கே230யூபி அடிச்சட்டத்தின்மேல் ஜொகூர் செனாயிலுள்ள கெமிலாங் பட்டறை கூடு கட்டிய பேருந்துகள், சிங்கப்பூரில் ஆயிரத்துக்கும் மேல் ஓடின.

முற்காலத்தில் லாரிச் சட்டத்தின்மேலேயே கூடு கட்டினார்கள். இயந்திரம் ஓட்டுநர் பக்கத்தில் இருந்தது. சூடும் இரைச்சலும் சொல்லி மாளாது. 1978இல் வந்த வோல்வோ பி10எம் அடிச்சட்டத்தில் இயந்திரத்தைப் படுக்கவைத்து, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே தளத்தின் அடியில் வைத்தார்கள். நகரத்துக்கும் நெடும்பயணத்துக்கும் அது உழைத்தது. நல்ல வண்டிதான். ஆனால் காலடியில் இயந்திரம் கிடந்தால் தளம் எப்படித் தாழும்?

2006இல் வந்த ஸ்கானியா கே வரிசையில் இயந்திரம் பின் அச்சுக்கும் பின்னால் நீளவாக்கில் இருக்கிறது. எனவே முன்பகுதி விடுபட்டது. இனி அந்த இடத்தை என்ன செய்வது என்பதே கேள்வி. பெயரிலேயே பதில் உண்டு: கே230யூபி என்றால் 'கே' இயந்திரம் இருக்கும் இடம், 230 குதிரைத்திறன், 'யூ' நகரப் பயன், 'பி' வழக்கமான அடிச்சட்டம். 'யூ' இருக்குமிடத்தில் 'ஐ' வந்தால் ஊர்விட்டு ஊர் செல்வது. 'ஈ' வந்தால் நெடும்பயணம்.

நகர வண்டியில் அந்த இடத்தைத் தளத்தைத் தாழ்த்தப் பயன்படுத்தினார்கள். காற்றுப் பைகள் சட்டத்தைத் தாங்குவதால், நிறுத்தத்தில் காற்றைக் குறைத்து வண்டியை இன்னும் சற்றுத் தாழ்த்தலாம். சாய்தட்டு வழியாகச் சக்கர நாற்காலியும் ஏறும். நெடும்பயண வண்டியில் தளத்தை உயர்த்தி, அடியில் பெட்டிகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். தீபாவளிக்கு மூட்டை முடிச்சோடு போகிறவர்கள் அந்தப் படிகளைக் குறை சொல்ல முடியாது.

தாழ்தளத்துக்கும் ஒரு விலை உண்டு. இயந்திரமும் அச்சும் பின்னால் குவிந்திருப்பதால், பின் கதவைத் தாண்டியதும் அங்கே படி ஏறவேண்டும். சக்கரக் கூண்டுகளும் இருக்கைக்கான இடத்தைத் தின்கின்றன. ஆகவே, பாட்டியை அழைத்துப் போகும்போது பின்வரிசை காலியாயிருக்கிறதென்று அங்கே கூட்டிப் போகாதீர்கள். முன் கதவுக்கும் நடுக் கதவுக்கும் இடையிலுள்ள இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.