முதல் ஆண்டைத் தாண்டுவது எப்படி?



பத்தாம் வகுப்பு முடித்து, விண்ணப்பம் போட்டு, சீட் வாங்கி, இந்த ஆண்டு நம் பாலிடெக்னிக்கில் காலடி வைத்திருக்கும் தம்பி, தங்கைகளே, உங்களை வரவேற்கிறேன். பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு, ஊத்துக்கோட்டை என்று நாலா பக்கமும் இருந்து வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் வீட்டில் உங்களுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. என் வீட்டிலும் அப்படித்தான். அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போகிறார். செமஸ்டர் என்றால் என்ன, அரியர் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டால் யாருக்கும் தெரியாது. படித்த அண்ணன் அக்கா இருக்கிற வீட்டில் அவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். இல்லாதவனுக்கு யார் சொல்வது? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

டிப்ளமோவில் ஆபத்தான வருஷம் எது என்று கேட்டால் நான் முதல் வருஷத்தைத்தான் சொல்வேன். மூன்றாம் ஆண்டு வரை வந்தவன் எப்படியாவது முடித்துவிடுவான். படிப்பை விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலாண்டிலேயே போய்விடுகிறார்கள். எங்கள் செட்டிலும் சிலர் போனார்கள். அவர்கள் யாரும் மக்கு இல்லை. ஒருவன் பத்தாம் வகுப்பில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவன்! பின் ஏன் போனார்கள்? பார்த்த வரையில் காரணங்கள் நான்கைந்துதான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. கணக்கு என்னும் கண்டம்

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிப்பவர்கள் இரண்டு வருஷத்தில் நிதானமாகப் பார்க்கும் கணக்கில் பெரும் பகுதி நமக்கு முதலாண்டிலேயே வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் அணிகளும் முக்கோணவியலும் கொஞ்சம் பார்த்தோம். இங்கே டிடர்மினன்ட், கூட்டுக் கோணச் சூத்திரங்கள், அப்புறம் டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் புரியாது. புரியவில்லை என்று வகுப்புக்குப் போகாமல் இருந்தால் கதை முடிந்தது.

வழி என்ன? தினம் ஐந்து கணக்கு. பார்த்துப் படிக்காதீர்கள், கையால் போடுங்கள். சூத்திரங்களை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ரயிலில் பார்க்கலாம். நாலு பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்துக்கொண்டு, புரிந்தவன் புரியாதவனுக்குச் சொல்லுங்கள். சொல்லிக் கொடுக்கிறவனுக்குத்தான் அதிகமாகப் புரியும்! பழைய கேள்வித்தாள்கள் சீனியர்களிடம் கட்டுக் கட்டாக இருக்கின்றன. கூச்சப்படாமல் கேளுங்கள்.

இதையும் தாண்டி அரியர் விழுந்தால்? அரியர் என்பது அந்த ஒரு பாடத்தில் மட்டும் தேறவில்லை என்பதுதான். பள்ளிக்கூடம் மாதிரி அதே வகுப்பில் உட்கார வைக்க மாட்டார்கள். அடுத்த செமஸ்டருக்குப் போய்க்கொண்டே அடுத்த தேர்வில் அந்தப் பேப்பரை மறுபடி எழுதலாம். நன்றாக எழுதியும் மார்க் குறைந்தது என்று தோன்றினால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கவும், மறுமதிப்பீடு கேட்கவும் வழி இருக்கிறது. அதற்குக் கடைசித் தேதி உண்டு, நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: முதலாண்டு அரியரைச் சேர்த்து வைக்காதீர்கள். சூடு ஆறுவதற்குள் எழுதி முடிப்பதே நல்லது.

2. இங்கிலீஷ் பூதம்

தமிழ் மீடியத்தில் படித்த எல்லோருக்கும் இது உண்டு. சார் பாடம் நடத்துவார், நாம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் ஒரு ரகசியம் சொல்கிறேன். இங்கே வருகிற பாடங்களில் பல நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை, பெயர்தான் வேறு. நாம் படித்த நிலைமம்தான் இங்கே இனர்ஷியா. உந்தம்தான் மொமென்டம். மின்தடைதான் ரெசிஸ்டன்ஸ். உராய்வுதான் ஃபிரிக்ஷன். பழைய அறிவியல் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் இங்கிலீஷ் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று தினம் பத்துச் சொற்கள் எழுதி வந்தால், ஒரு செமஸ்டரில் பூதம் போய்விடும்.

தேர்வில் நீளமாக எழுத வராவிட்டால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். படம் போட்டுப் பாகங்களைக் குறியுங்கள். டெக்னிக்கல் பாடத்தில் சரியான படம் பேசாததை வாக்கியம் பேசாது.

3. டிராயிங்கும் ஒர்க்ஷாப்பும்

டிராயிங்கில் பலர் தடுமாறுவது புரொஜெக்ஷனில்தான். நாம் பின்பற்றுவது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. பொருளை மேலிருந்து பார்த்த தோற்றம் தாளில் கீழே வரும். வலப்பக்கத்திலிருந்து பார்த்தது இடப்பக்கம் வரும். இது தலைகீழாக இருக்கிறதே என்று குழம்பாதீர்கள். ஒரு தீப்பெட்டியைத் தாளில் வைத்து, பார்க்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிழல் விழுவதாக நினைத்துப் பாருங்கள், விளங்கிவிடும். மெல்லிய கோட்டுக்கு 2எச் பென்சில், எழுத்துக்கு எச்பி. மினி டிராஃப்டரைப் புதிதாக வாங்கப் பணம் இல்லையென்றால் சீனியரிடம் பழையதை வாங்கலாம். ஸ்க்ரூ ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஒர்க்ஷாப்பில் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு: கை வேலை நமக்குப் புதிதல்ல. ஆனாலும் முறை தெரிய வேண்டும். அரம் முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும். பின்னால் இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும், கைதான் வலிக்கும். ஹேக்ஸா பிளேடை மாட்டும்போது பற்கள் முன்னோக்கி இருக்க வேண்டும். ஷூ இல்லாமல் உள்ளே போகாதீர்கள். லேத் பக்கம் போகும்போது தொளதொள சட்டைக்கை, கைக்கயிறு, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது. ஓடுகிற இயந்திரத்துக்குச் சீனியர், ஜூனியர் தெரியாது.

மெக்கானிக்கல் எடுத்த தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "உனக்கெதுக்கும்மா இந்த வேலை, நகரு" என்று யாராவது கருவியை வாங்கிக்கொண்டால் விட்டுக்கொடுக்காதீர்கள். தேர்வில் நீங்கள்தான் ஜாப் செய்ய வேண்டும்.

4. அட்டெண்டன்ஸ்

அரியரைக்கூட எழுதிவிடலாம். வருகை குறைந்தால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, செமஸ்டருக்கு 90 நாள், வேண்டியது 80 சதவீதம் என்றால், 72 நாள் வந்தாக வேண்டும். மிச்சம் 18 நாள்தான். நம் லைனில் லோக்கல் வண்டி எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நிற்பது எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வெள்ளம் வேறு. அந்த 18 நாளைக் காய்ச்சலுக்கும் மழைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், சினிமாவுக்குச் செலவழிக்காதீர்கள். கடைசி நேர வண்டியை நம்பாமல் அதற்கு முந்தின வண்டியைப் பிடியுங்கள். சீசன் டிக்கெட் சலுகைக்கான படிவத்தையும் பஸ் பாஸையும் முதல் வாரத்திலேயே ஆபீசில் கேட்டு வாங்குங்கள்.

5. சான்றிதழ்களும் உதவித்தொகையும்

சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஐந்து ஐந்து நகல் எடுத்து ஒரே பைலில் வையுங்கள். எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தாலே பணம் வராமல் நின்றுவிடும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9இல் தொடங்கியது. இரண்டும் டிப்ளமோ படிப்பவர்களையும் சேர்த்து வந்தவை. இந்த ஆண்டுக்கான விண்ணப்பம் பற்றி ஆபீசில் நீங்களே போய்க் கேளுங்கள். தானாக யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

6. ராகிங்

சீனியர் பாட்டுப் பாடச் சொன்னால் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த முதலாண்டு மாணவர் பொன். நாவரசு ஒரு சீனியரால் கொலை செய்யப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்தது. அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். உங்களை யாராவது தொந்தரவு செய்தால் வகுப்பு ஆசிரியரிடமோ நம் மாணவர் பேரவையிடமோ சொல்லுங்கள். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. என் சக சீனியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புதிதாக வந்தவனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்பதாக இருக்கட்டும்.

7. "கம்பெனியில் ஆள் எடுக்கிறாங்க!"

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியமானது. முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும். இரண்டு மூன்று அரியர். வீட்டில் சொல்லப் பயம். வீட்டிலும் கடன். சரியாக அந்த நேரத்தில் ஊரில் ஒருவர் வருவார். "கும்மிடிப்பூண்டியில் கான்ட்ராக்ட்ல ஆள் எடுக்கிறாங்கடா, ஓ.டி.யோட நல்ல காசு" என்பார். நம் பக்கத்தில் இந்த இழுப்புக்குக் குறைவே இல்லை. ஒரு பக்கம் சிப்காட், இன்னொரு பக்கம் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள், அத்திப்பட்டு அனல்மின் நிலையம். கையில் காசு வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

போகிறவனை நான் குறை சொல்லவில்லை. என் அப்பா மூட்டை தூக்கித்தான் எனக்கு ஃபீஸ் கட்டுகிறார். உழைப்பில் கேவலம் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஹெல்ப்பராகப் போனவனின் பெயர் கான்ட்ராக்டரின் நோட்டில்தான் இருக்கும். கான்ட்ராக்டர் மாறினால் வேலையும் போகும். பத்து வருஷம் கழித்தும் கையில் காட்ட ஒரு காகிதம் இருக்காது.

டிப்ளமோ முடித்தவனுக்கு எத்தனை கதவுகள்! 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973இல் செய்த திருத்தத்தால் டிப்ளமோ படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். கம்பெனியில் உதவித்தொகையோடு ஒரு வருஷப் பயிற்சி கிடைக்கும். நம் பகுதிக்கு அதைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் தேர்வு எழுதலாம். மேலே படிக்க ஆசையிருந்தால் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். வீட்டில் பட்டதாரியே இல்லாதவர்களுக்குக் கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் தரப்பட்டு வருகிறது. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுக் கொடுக்க வேண்டும். சிப்காட் எங்கேயும் ஓடிப்போகாது. இரண்டரை வருஷம் கழித்தும் அங்கேயேதான் இருக்கும். அப்போது அதே கேட்டில் வேறு ஆளாகப் போகலாம்.

வீட்டில் உண்மையிலேயே கஷ்டம் என்றால் மறைக்காதீர்கள். எச்.ஓ.டி.யிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தி பரிமாறப் போகலாம், காலையில் பேப்பர் போடலாம். அப்படிப் படிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஏற்கெனவே நின்றுவிட்ட நண்பன் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், மறுசேர்க்கைக்கு வழி உண்டு என்று சொல்லி அழைத்து வாருங்கள்.

அரியர் விழுந்ததை வீட்டில் சொல்வது எப்படி என்று கேட்கிறீர்களா? இப்படிச் சொல்லுங்கள்: "அம்மா, ஆறு பாடத்தில் நாலு பாஸ். மிச்சம் ரெண்டை அடுத்த முறை எழுதுறேன். படிப்பு நிக்காது." எந்த அம்மாவுக்கும் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் வேண்டும்.

அடுத்த ஆண்டு மலரில் உங்களில் ஒருவர் இதைவிட நன்றாக எழுத வேண்டும். அனைவரும் இரண்டாம் ஆண்டில் சந்திக்க வாழ்த்துக்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை