ஊருக்குச் சொல்வது யார்?

திரைக்கு முன் நிற்பவர்கள் – 9

ஜலகண்டாபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். வாசலில் ஃப்ளெக்ஸ் தட்டி. பட்டா, சிட்டா, வில்லங்கம், வருமானச் சான்று, சாதிச் சான்று, பான் கார்டு, கரண்ட் பில், ரயில் டிக்கெட் என்று வரிசையாக அச்சடித்திருக்கிறது. தட்டியின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத்தாள்களை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறார்கள்: ‘எஃப்எம்பி எடுத்துத் தரப்படும்.’ ‘பிஎம் கிசான் கேஒய்சி.’ தட்டி அடித்த நாளில் இல்லாதவையும், இருந்தும் கடைக்காரருக்கே தெரியாதவையும் பிற்பாடு இப்படி ஒட்டுத்தாளாக வந்து சேர்ந்திருக்கின்றன. அரசாங்கத்தின் வலைத்தளங்களில் என்ன புதிதாக வந்திருக்கிறது என்பதை நங்கவள்ளி, வனவாசிப் பக்கத்து ஆட்கள் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இந்த மாதிரி ஒட்டுத்தாள்களைப் பார்த்துத்தான்.

தளத்தில் சொல்லாமல் இல்லை. மேலே ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் ‘புதியது’ என்று சிவப்பில் மினுக்கும். சில தளங்களில் அது வருஷக்கணக்காக மினுக்கிக்கொண்டிருக்கிறது. அணைக்க ஆளில்லை போலும். யாருக்காக மினுக்குகிறது? தினமும் வந்து போகிறவருக்குத்தான் நேற்று இல்லாதது இன்று இருப்பது கண்ணில் படும். பட்டா பார்க்கிற தளத்துக்கு ஒரு மனிதர் ஆயுளில் எத்தனை முறை வருவார்? பாகம் பிரிக்கும்போது ஒரு தடவை, பேங்கில் கடன் கேட்கும்போது ஒரு தடவை, விற்கும்போது ஒரு தடவை. அவருக்கு அங்கே எல்லாமே புதியது.

நான் போயிருந்த மதியம், தென்னந்தோப்பில் அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதற்காக ஒரு பெரியவர் வந்திருந்தார். சிட்டா நகல் கேட்டார். கடைத் தம்பி அதோடு எஃப்எம்பியையும், அதாவது புலப்படத்தையும், எடுத்துக் கொடுத்தார். சர்வே எண்ணின் எல்லைக் கோடுகள், ஒவ்வொரு பக்கத்துக்கும் நீளம், உட்பிரிவு எண்கள், ஓரத்தில் பக்கத்து நிலத்தின் எண்கள். பெரியவர் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே தன் கிணற்று மேட்டைத் தேடினார்.

“ஏந்தம்பி, இந்தப் படம் முன்னேயே இதுல வருமா?”

“ரொம்ப நாளா வருதுங்க.”

“ஒருத்தருஞ் சொல்லலியேப்பா.”

அந்தப் படத்துக்காக மேட்டூர் தாலுகா ஆபீசுக்குப் போய் மனுக் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் மனுவே எழுதி வைத்திருந்தார் அவர்.

உலகத்தின் மறுகோடியில் இதற்கு நேர் எதிரான கதை நடந்தது. 2006 செப்டம்பர் 5 அன்று ஃபேஸ்புக், நண்பர்கள் செய்வதையெல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும் ‘நியூஸ் ஃபீட்’டைக் கொண்டுவந்தது. அதை அறிவித்து எழுதியவர் புனேயிலிருந்து போன பொறியாளர் ருச்சி சங்வி. சில நாளில் லட்சக்கணக்கானோர் எதிர்த்துத் திரண்டார்கள். மார்க் சக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டு எழுதும்படி ஆயிற்று. ஆனால் பாருங்கள், சண்டை போடுவதற்காவது அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. தினமும் அங்கேயே குடியிருந்தவர்கள். நம் பெரியவருக்குச் சண்டை போடக்கூட வழியில்லை.

சரி, ஒட்டுத்தாள்தான் அறிவிப்பு என்றே வைத்துக்கொள்வோம். அதை எழுதுகிறவருக்கும் வயிறு இருக்கிறது. பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருளை 2018 பிப்ரவரி 12-ல், பக்கத்து ஊர்க்காரரான எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது தொடங்கிவைத்தார்கள். வில்லங்கத்தைக் காசில்லாமல் நாமே பார்க்கலாம். மாதிரிப் பத்திரங்கள் தமிழிலேயே தளத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்து நம் பத்திரத்தை நாமே தயார் செய்யலாம், பதிவுக்கு நேரமும் குறித்துக்கொள்ளலாம். இதை எந்தப் பத்திர எழுத்தர் தன் கடை வாசலில் எழுதி வைப்பார்? 2022 செப்டம்பரில் பட்டா மாறுதலுக்குப் பொதுமக்கள் தாங்களே விண்ணப்பிக்கத் தனித் தளம் வந்தது. சான்றிதழ்களுக்கும் இ-சேவைத் தளத்தில் நாமே உள்ளே நுழைந்து மனுப்போட வழியிருக்கிறது. அந்த வரியை எந்தத் தட்டியிலும் நான் பார்த்ததில்லை. கடைக்காரர்மேல் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. கடைக்கு வாடகை, கரண்டு, நெட் பில் எல்லாம் அவர்தான் கட்டுகிறார். ஆனால் கடைக்கு வேலை தருகிற வசதிகள் சீக்கிரம் ஊருக்குத் தெரிந்துவிடுகின்றன. கடையே வேண்டாம் என்று ஆக்குகிற வசதிகள் கடைசிவரை தெரிவதில்லை.

இது முற்றிப்போனால் என்ன ஆகும் என்பதற்குச் சேலம் மாவட்டமே சாட்சி. வருஷத்துக்கு ₹6,000 கொடுக்கும் பிஎம் கிசான் திட்டத்தில், விவசாயிகள் தாங்களே பதிவு செய்யும் வசதியைத் தளத்தில் திறந்துவிட்டிருந்தார்கள். நல்ல வசதி. விவசாயிக்கு அதைச் சொல்ல ஆளில்லை. புரோக்கர்கள் சொன்னார்கள், தங்கள் பாணியில். ‘கொரோனா பணம் வருது, ஆதாரும் பாஸ்புக்கும் கொண்டா’ என்று ஊர் ஊராகப் பேச்சுப் பரவியது. அதிகாரிகளின் லாகின், பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்குப் போயிருந்தது. 2020 ஆகஸ்டு, செப்டம்பரில் விஷயம் உடைந்தபோது, மாநிலம் முழுக்க நிலமே இல்லாத லட்சக்கணக்கானவர்கள் விவசாயிகளாகிவிட்டிருந்தார்கள். ₹110 கோடிக்கு மேல் முறைகேடாகப் போய்விட்டதாக அன்றைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி சொன்னார். சிபிசிஐடி விசாரித்தது. கணக்கில் பணம் விழுந்த பலருக்கு அது எந்தத் திட்டத்துப் பணம் என்றே தெரியாது. பிறகு திருப்பிக் கட்டச் சொன்னபோதுதான் தெரிந்தது.

அதே திட்டத்தில் பின்னாளில் கேஒய்சி கட்டாயமானது. அது பலருக்குத் தெரிந்தது எப்போது? ₹2,000 தவணை வராமல் நின்றபோது. 2022-ல் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோதும் இதே கதைதான்: பில் கட்ட உட்கார்ந்த பிறகு, கட்டவிடாமல் திரை மறித்தது. வாசலில் சொல்ல வேண்டியதைப் பந்தியில் உட்கார்ந்த பிறகு சொல்கிறார்கள். அந்தக் குழப்பக் காலத்தில்தான் ‘இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற மோசடிக் குறுஞ்செய்தியும் செல்போன்களில் வலம் வந்தது. உண்மையான அறிவிப்பு வாயைத் திறக்காததால் பொய் அறிவிப்புக்குக் காது கிடைத்தது.

சொல்லத் தெரியாமலும் இல்லை அரசுக்கு. 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கினார்களே, அது எப்படி நடந்தது? இங்கிருந்து தொலைவில்லாத தொப்பூரில் ஜூலை 24 அன்று முகாமைத் தொடங்கிவைத்தார் முதல்வர் ஸ்டாலின். அதற்கு முன்பே ரேஷன் கடைக்காரர்கள் வீடு வீடாகப் போய் விண்ணப்பமும் டோக்கனும் கொடுத்திருந்தார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று டோக்கனிலேயே இருந்தது. தறிக்குழியை விட்டு எழுந்து வந்து கைநீட்டி வாங்கிய பெண்ணுக்கு வேறு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அந்த செப்டம்பரில் ₹1,000 போய்ச் சேர்ந்தது. அடுத்த கட்டத்தில்தான் சறுக்கல். கிடைக்காதவர்கள் காரணத்தை இணையத்தில் பார்க்கலாம், இ-சேவை மையத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். மையங்களில் கூட்டம் அலைமோதியது, ‘சர்வர் டவுன்’ என்று சொல்லிச் சொல்லி ஊழியர்களுக்குத் தொண்டை கட்டியது. சேர்ப்பதற்கு வீடு தேடி வந்த டோக்கன், விடுபட்டவர்களைத் தேடி வரவில்லை.

தண்டோரா போடுவதை 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் இறையன்பு கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதி நிறுத்தச் சொன்னார். நியாயம், ஒரு சாராரின் தோளில் பறையைச் சுமத்திக் கூவவைத்த வழக்கம் எப்போதோ போயிருக்க வேண்டியது. அதற்குப் பதில் ஒலிபெருக்கி வண்டி என்றார்கள். பேரூராட்சிகளில் அந்த வண்டி வீட்டுவரிக்கும் டெங்குக் கொசுவுக்கும் தெருத்தெருவாக வருகிறது. ‘புலப்படத்தை நீங்களே காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்’ என்று அது ஒருநாளாவது சொன்னதுண்டா?

வண்டிகூட வேண்டாம். ரேஷன் கடையில் ஏற்கெனவே ஒரு பலகை இருக்கிறது. அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு இருப்பு எவ்வளவு என்று எழுதுகிறார்கள். ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் மாதம் ஒருவராவது அதற்கு நேரே வரிசையில் நிற்கிறார்கள், படிக்க வேறு எதுவும் இல்லாமல். கீழே இரண்டு வரிக்கு இடமிருக்கிறது: இந்த மாதம் எந்தத் தளத்தில் என்ன வந்திருக்கிறது, அதற்குக் காசு உண்டா இல்லையா. எழுதுகிற பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்பதை வருவாய்த்துறையும் கூட்டுறவுத்துறையும் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும். சாக்பீஸ் செலவுக்கு நிதி ஒதுக்கீடு தேவைப்படாது என்று நினைக்கிறேன்.