ஆக்டேன் எண்ணும் மாமாவின் ஜிப்ஸியும்

"சார், எங்கள் மாமாவிடம் பழைய மாருதி ஜிப்ஸி இருக்கிறது. விலை கூடிய பெட்ரோல்தான் போடுகிறார். மேட்டில் நன்றாக இழுக்கிறதாம். உண்மையா?" என்று மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான்.

பெரும்பாலும் உண்மையில்லை. ஏன் என்று பார்ப்போம்.

91, 95, 100 என்னும் ஆக்டேன் எண்கள் பெட்ரோலின் வலிமையைக் குறிப்பன என்றே பலரும் எண்ணுகின்றனர். அவை குறிப்பது வேறொன்று. பிஸ்டன் மேலேறும்போது உருளைக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியும் காற்றும் அமுக்கப்படுகின்றன. அமுக்கினால் சூடேறும், சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவது இதனால்தான். 300 கெல்வினில் உள்ள காற்றை வெப்பம் வெளியேறாதபடி ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கினால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 720 கெல்வின் ஆகிவிடும். பன்னிரண்டில் ஒரு பங்காக்கினால் 810 கெல்வின்! காமா 1.4 என்று வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

மின்பொறி பற்றவைத்த தீ உருளை முழுவதும் பரவச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள், மூலையில் எஞ்சியிருக்கும் கலவை இந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்தால் 'டக் டக்' என்று இன்ஜின் தட்டும். இதையே மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பர். கடுமையாக நீடித்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

இந்தத் தட்டலை எதிர்க்கும் திறனே ஆக்டேன் எண். 1926இல் அமெரிக்க வேதியியலார் கிரஹாம் எட்கர் இதற்கு அளவுகோல் வகுத்தார். எளிதில் தட்டாத ஐசோ ஆக்டேனுக்கு 100. உடனே தட்டும் ஹெப்டேனுக்கு 0. ஆனால் ஒரு கிலோ எரிந்தால் இரண்டுமே கொடுப்பது சுமார் 44 மெகா ஜூல் வெப்பம்தான்! எத்தனால் இன்னும் வேடிக்கை. அதன் ஆக்டேன் எண் 100க்கு மேல். வெப்பமோ கிலோவுக்குச் சுமார் 27 மெகா ஜூல்தான்.

அப்படியானால் 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 ஆக்டேன் பெட்ரோலை ஏன் கொண்டுவந்தது? அமுக்க விகிதம் அதிகமான இன்ஜின்களுக்கும் டர்போ இன்ஜின்களுக்கும் அது தேவை. விகிதம் 9 என்றால் இலட்சிய இன்ஜினின் திறன் 58 சதவீதம். 12 என்றால் 63. இந்த ஆதாயம் இன்ஜினின் அமைப்பால் வருவது; பெட்ரோல் அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவே. ஜிப்ஸியின் விகிதமோ 9ஐ ஒட்டியது. பெட்ரோலை மாற்றினால் அது மாறாது. மேலும், கார்புரேட்டர் வைத்த பழைய ஜிப்ஸியில் தட்டலை உணர்ந்து பொறி விழும் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் உணர்கருவியும் கிடையாது.

2016இல் அமெரிக்க மோட்டார் வாகன சங்கமான ஏ.ஏ.ஏ., சாதாரணப் பெட்ரோலுக்காக வடிவமைத்த வண்டிகளில் இரண்டு வகையையும் ஊற்றிச் சோதித்தது. குதிரைத்திறனிலோ மைலேஜிலோ குறிப்பிடத்தக்க ஆதாயம் தென்படவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பல ஆண்டுகள் ஓடிய இன்ஜினில் கரி படியும். கரி இடத்தை அடைத்துக்கொள்வதால் அமுக்க விகிதம் சற்று உயரும். கரித்துண்டு கனன்று சூடாகவும் இருக்கும். மேட்டில் வண்டி தட்டினால் உயர் ஆக்டேன் பெட்ரோல் அந்தத் தட்டலை அடக்கலாம். மாமா சொல்வது இதுவாகவும் இருக்கலாம். ஆனால் அப்போது முதலில் பார்க்க வேண்டியவர் மெக்கானிக்தான்.

சந்தேகம் தீராவிட்டால் சோதித்துப் பாருங்கள். டாங்கை நிரப்பி, அதே சாலையில் ஓட்டி, மறுபடி நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். இரண்டு பெட்ரோலையும் மாற்றி மாற்றி நாலைந்து முறை செய்ய வேண்டும். எந்த முறை எது ஊற்றினீர்கள் என்பதை மட்டும் மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்!