பஞ்சாயத்துக் கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் முறை

ஒரு கிராமத்தின் செல்வம் அதன் நிலத்திலும் நீரிலும் கால்நடைகளிலும் மட்டும் அடங்கியதன்று. வீட்டு வரிப் பதிவேடு, குடிநீர்க் கட்டணக் கணக்கு, கிராம சபைத் தீர்மானங்கள், சாலைப் பணிகளின் அளவைக் குறிப்புகள் ஆகிய யாவும் அக்கிராமத்தின் செல்வமே. முன்னாளில் இவை தடித்த பேரேடுகளாகப் பஞ்சாயத்து அலுவலக அலமாரியில் இருந்தன. இன்று இவற்றிற் பல கணிப்பொறியில் கோப்புகளாக இருக்கின்றன. ஆண்டு முடிவில் அக்கோப்புகளைச் சுருக்கி, ஒரே கட்டாகக் கட்டி, பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ சேமித்து வைப்பது நல்ல வழக்கமாகும்.

அவ்வாறு கட்டும்போது கணிப்பொறி நம்மிடம் சில கேள்விகளைக் கேட்கிறது. எந்த அமைப்பு? எவ்வளவு இறுக்கம்? கடவுச்சொல் வேண்டுமா? துண்டுகளாகப் பிரிக்க வேண்டுமா? சிலர் இவற்றைப் பாராமலே கடந்து செல்கின்றனர். வேறு சிலர் எதிலும் உச்ச அளவே சிறந்தது என்று கருதி அதனையே தேர்ந்தெடுக்கின்றனர். இவ்விரண்டும் தவறாக முடியக்கூடும்.

ஒரு பஞ்சாயத்தை எண்ணிப் பார்ப்போம். அங்குள்ள எழுத்தர் மிகுந்த ஊக்கத்துடன் ஓராண்டுக் கணக்கு முழுவதையும் மிக இறுக்கமாகச் சுருக்கி, கடவுச்சொல் இட்டு, மூன்று துண்டுகளாகப் பிரித்து வைத்தார். மூலக் கோப்புகளை அழித்தும் விட்டார். பின்னர் அவர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். இரண்டாண்டு கழித்து ஒரு கைம்பெண், தம் கணவர் செலுத்திய வீட்டு வரியின் விவரத்தைக் கேட்டு வருகிறார். இரண்டாம் துண்டு அகப்படவில்லை. கடவுச்சொல்லும் எவருக்கும் நினைவில்லை. இடம் மிச்சமாயிற்று, கணக்கு போயிற்று! கட்டுவது எளிது; தேவைப்படும் நாளில் அவிழ்க்க முடிவதே முக்கியம் என்பதை நாம் மறக்கலாகாது.

சுருக்கம் எவ்வாறு நிகழ்கிறது?

வரிப் பதிவேட்டில் 'வடக்குத் தெரு' என்னும் சொல் நூறு முறை வரும். அதனை முதன்முறை முழுமையாக எழுதிவிட்டு, பின்னர் வரும் இடங்களில் 'இத்தனை எழுத்துப் பின்னால் சென்று இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்க' என்று குறித்தாற் போதும் அல்லவா? இம்முறையை 1977இல் ஆபிரகாம் லெம்பல், ஜேக்கப் ஸிவ் என்னும் இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் வகுத்தனர். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியும், அரிதாக வரும் எழுத்துக்கு நீண்ட குறியும் அளிக்கும் முறையை 1952இல் அமெரிக்க அறிஞர் டேவிட் ஹஃப்மன் வெளியிட்டார். இன்று நாம் பெரிதும் பயன்படுத்தும் ஜிப் கட்டுகள் இவ்விரு முறைகளையும் இணைத்தே அமைகின்றன. இச்சுருக்கத்தில் ஓர் எழுத்தும் இழக்கப்படுவதில்லை. கட்டை அவிழ்த்தால் மூலக் கோப்பு அப்படியே கிடைக்கும்.

எதைச் சுருக்கலாம்?

பஞ்சை இயந்திரத்திலிட்டு அழுத்தினால் பொதி சிறுத்துவிடும். நெல் மூட்டையை அழுத்தினால் அழுத்துபவருக்குக் களைப்புத்தான் மிஞ்சும். கோப்புகளும் இவ்வாறே இரு வகைப்படும். வெறும் எழுத்துக் கோப்புகளும் பழைய வகைக் கணக்குக் கோப்புகளும் பஞ்சு போன்றவை. அவை நன்கு சுருங்கும். கைப்பேசியில் எடுத்த ஜேபெக் படங்களும் வீடியோக்களும் ஏற்கனவே சுருக்கப்பட்டவை. அவை நெல் போன்றவை. ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகளும் பெரும்பாலும் அத்தகையனவே. எக்செல், வேர்டு ஆகியவற்றில் 2007 முதல் வழங்கும் புதிய வகைக் கோப்புகள் உள்ளுக்குள் ஜிப் கட்டுகளே என்பது பலர் அறியாத செய்தி. அவற்றை மீண்டும் சுருக்குவதால் பெரும்பயன் இராது.

ஆகவே சாலைப் பணிப் படங்களை மட்டும் கட்டும்போது, இறுக்க அளவில் 'ஸ்டோர்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அது சுருக்காமல் ஒன்றாகக் கட்டும். வேலை விரைவில் முடியும். எழுத்துக் கணக்குகளுக்கு 'நார்மல்' போதுமானது. 'அல்ட்ரா' என்னும் உச்ச அளவு, 'நார்மல்' அளவினும் சிறிதளவே கூடுதலாகச் சுருக்கும். நேரமோ வெகுவாகக் கூடும். வேலை நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால், கட்டு அரைகுறையாக நின்றுபோகும்.

எந்த அமைப்பு?

ஜிப் அமைப்பை 1989இல் அமெரிக்கரான பில் கட்ஸ் வெளியிட்டார். இன்று ஏறத்தாழ எல்லாக் கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் அதனைத் திறக்கின்றன. ரஷ்ய நிரலாளர் இகோர் பாவ்லோவ் 1999இல் வெளியிட்ட செவன்-ஜிப் என்னும் இலவச நிரல், தனக்கே உரிய மற்றோர் அமைப்பையும் கொண்டது. அவ்வமைப்பு எழுத்துக் கோப்புகளை ஜிப்பைவிடச் சிறிதாகச் சுருக்க வல்லது. ஆயினும் எல்லாக் கணிப்பொறிகளும் அதனைத் திறப்பதில்லை. வட்டார வளர்ச்சி அலுவலகத்திற்கோ தணிக்கையாளருக்கோ அனுப்ப வேண்டிய கட்டு ஜிப்பாக இருப்பதே நலம்.

செவன்-ஜிப் அமைப்பைத் தேர்ந்தெடுப்போர் இரண்டு கட்டங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று 'டிக்‌ஷனரி சைஸ்' எனப்படும் அகராதி அளவு. முன்வந்த சொற்களைத் தேடி எவ்வளவு தூரம் பின்னோக்கிச் செல்வது என்பதை அது குறிக்கும். ஜிப்பின் வழக்கமான முறை 32 கிலோபைட் வரையே பின்னோக்கிச் செல்லும். இதுவோ பல மெகாபைட் வரை செல்லும். ஆனால் சுருக்கும்போது அகராதி அளவைப் போல் பத்து மடங்குக்கும் மேல் நினைவகம் தேவைப்படும். அவிழ்க்கும் கணிப்பொறிக்கும் ஏறத்தாழ அகராதி அளவு நினைவகம் வேண்டும். பழைய கணிப்பொறி உள்ள அலுவலகத்தார் இவ்வளவைக் கூட்டாதிருப்பது நன்று.

மற்றொன்று 'சாலிட்' என்பது. இது பல சிறு கோப்புகளை ஒரே நீண்ட கோப்பாகக் கருதிச் சுருக்கும். அதனால் இடம் மிஞ்சும். ஆனால் கட்டின் நடுவில் ஓரிடம் பழுதானால், அவ்விடத்திற்குப் பின்னுள்ள பல கோப்புகள் ஒருங்கே கெடக்கூடும். ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே சுருக்கப்படுகிறது. பழுது பெரும்பாலும் அந்தக் கோப்போடு நின்றுவிடும். எல்லா விதையையும் ஒரே குதிரில் கொட்டிவைப்பதற்கும் தனித்தனிப் பானைகளில் வைப்பதற்கும் உள்ள வேற்றுமையை உழவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நெடுநாள் காக்க வேண்டிய கணக்குகளுக்கு 'நான்-சாலிட்' என்பதைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

கடவுச்சொல்லும் துண்டுகளும்

கிராம சபைத் தீர்மானம் ஊரார் அனைவருக்கும் உரியது. அதற்குப் பூட்டுத் தேவையில்லை. பயனாளிகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அடங்கிய பட்டியலுக்குப் பூட்டு இன்றியமையாதது. செவன்-ஜிப் நிரலில் ஜிப் கட்டுக்குப் பூட்டிடும்போது இரு முறைகள் காட்டப்படும். 'ஜிப்கிரிப்டோ' என்பது பழையது, வலுவற்றது. 'ஏஇஎஸ்-256' என்பது வலுவானது. ஆயினும் எல்லா நிரல்களும் அதனைத் திறப்பதில்லை. ஆகவே பெறுவோரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஜிப் கட்டைப் பூட்டினாலும் உள்ளிருக்கும் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும் என்பதையும் நினைவிற்கொள்க. பயனாளியின் பெயரையோ எண்ணையோ கோப்புக்குப் பெயராக இடலாகாது.

வலுவான பூட்டின் கடவுச்சொல் மறந்துபோனால் அதனை மீட்டுத் தருவார் எவருமில்லை. ஆதலின் அதனைத் தாளில் எழுதி, உறையிலிட்டு முத்திரையிட்டு, அலுவலக இரும்புப் பெட்டியில் வைத்திடுக. பொறுப்பு மாறும்போது அவ்வுறையையும் ஒப்படைத்துப் பதிவேட்டில் கையொப்பம் பெறுக. கட்டை மின்னஞ்சலில் அனுப்பினால் கடவுச்சொல்லை அதே கடிதத்தில் எழுதாமல் தொலைபேசியில் தெரிவிப்பதே முறை.

துண்டுகளாகப் பிரிப்பதற்கும் தக்க காரணம் வேண்டும். 'ஃபேட்32' என்னும் முறையில் அமைந்த பென் டிரைவ் 4 கிகாபைட் அளவுள்ள ஒரே கோப்பை ஏற்பதில்லை. மின்னஞ்சலுக்கும் அளவு வரம்பு உண்டு. அத்தகைய தேவை இருந்தாலன்றிப் பிரிக்க வேண்டா. ஒரு துண்டு தொலைந்தாலும் முழுக் கட்டையும் அவிழ்க்க இயலாது. அதைவிட மாதத்திற்கொரு தனிக் கட்டாகக் கட்டுவது மேலானது.

சோதனையே முடிவான வேலை

கட்டி முடித்தவுடன் 'டெஸ்ட்' என்னும் கட்டளையைக் கொடுத்துக் கட்டு பழுதின்றி இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். பின்னர் மற்றொரு கணிப்பொறியில் அதனை அவிழ்த்து, இரண்டொரு கோப்புகளைத் திறந்து பார்த்திடுக. தமிழில் இட்ட கோப்புப் பெயர்கள் சில பழைய நிரல்களில் உருமாறித் தோன்றும். அதுவும் அப்போதே தெரியவரும். இவை முடியும்வரை மூலக் கோப்புகளை அழிக்கலாகாது. கட்டின் ஒரு படியை அலுவலகத்திலும் மற்றொரு படியை வேறோர் இடத்திலும் வைத்தல் வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. கணிப்பொறி வேலை எழுத்தருக்குரியது என்று நீங்கள் ஒதுங்கியிருக்க வேண்டா. ஆண்டுக்கு ஒருமுறையேனும், சென்ற ஆண்டின் கட்டை உங்கள் முன்னிலையில் அவிழ்த்துக் காட்டுமாறு கேளுங்கள். வரி செலுத்திய குடும்பம் எப்போது வந்து கேட்டாலும் அதன் கணக்கை எடுத்துக் காட்ட இயலுமானால், அக்கட்டு நன்றாகக் கட்டப்பட்டதாகும்.