பனிமலை வழியே ரயில் பிரயாணம்

குளிர்காலத்தில் அமெரிக்கா செல்லவிருக்கும் அன்பர் ஒருவர், சிகாகோ நகரிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ஆகாய விமானத்தில் போவதா, ரயிலில் போவதா என்று நம்மை வினவினார். விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிடும். ரயிலுக்கோ ஏறக்குறைய 52 மணி நேரம் வேண்டும். ஆயினும் ரயிலிலேயே போகும்படி நாம் சொன்னோம். அவருக்குச் சொன்ன காரணங்களை நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம். அப்பிரயாணத்தை மேற்கொள்வோர் நம்மில் சிலரே. ஆனால் அந்தப் பாதையின் வரலாறு அனைவரும் அறிய வேண்டுவதாகும்.

அந்த வண்டிக்குக் 'கலிபோர்னியா ஸெபிர்' என்று பெயர். மேற்கிலிருந்து வீசும் மெல்லிய காற்றுக்கு மேனாட்டார் இட்ட பெயர் ஸெபிர் என்பது. 1949-ம் வருஷம் இவ்வண்டி முதன்முதலில் ஓடியபோது, பிரயாணிகள் மலைகளைப் பகலில் காண வேண்டுமென்றே அதன் கால அட்டவணையை வகுத்தார்கள். 1970-ல் நின்று போன அது, 'ஆம்டிராக்' என்னும் பொது ரயில்வே ஸ்தாபனத்தின் நிர்வாகத்தில் 1983-ல் சற்று மாறிய பாதையில் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. சிகாகோவில் பிற்பகலில் புறப்பட்டு, ஏழு மாகாணங்கள் வழியாக 2,438 மைல் ஓடி, ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு எதிர்க்கரையிலுள்ள எமரிவில்லில் மூன்றாம் நாள் மாலை நிற்கிறது.

குளிர்காலத்தில் போகிறவர் முதலில் கணக்கிட வேண்டியது பகல் வெளிச்சத்தை. டிசம்பர் இறுதியில் அம்மலைகளில் பகற்பொழுது ஒன்பதரை மணி நேரங்கூட இராது. மேற்கு நோக்கிச் செல்லும் வண்டி இரண்டாம் நாள் காலையில் டென்வர் நகரைவிட்டு ராக்கி மலையில் ஏறுகிறது; மூன்றாம் நாள் காலையில் ரீனோ நகரைவிட்டு ஸியரா நெவாடா மலையில் ஏறுகிறது. இரண்டு மலைத்தொடர்களும் பகலிலேயே கிட்டுகின்றன. இரவில் கழிவது பெரும்பாலும் இடையிலுள்ள பாலைவனமே. கிழக்கு நோக்கி வருகிறவருக்கோ, ராக்கி மலையிலிருந்து டென்வருக்கு இறங்கும் அரிய பகுதி குளிர்காலத்தில் இருளில் மறைந்துவிடும். ஆகையால் மேற்கு நோக்கியே போக வேண்டும் என்பது நமது முதல் யோசனை. சிறிய படுக்கை அறையை எடுத்துக்கொண்டால் உணவும் அக்கட்டணத்திலேயே அடங்கும். பணச் சிக்கனம் வேண்டுவோர் இரண்டு இரவும் நாற்காலியில் சாய்ந்தே உறங்க வேண்டும். இருபுறமும் பெரிய ஜன்னல்கள் அமைந்த காட்சி வண்டி அனைவருக்கும் பொது. அதில் இடம் முன்னதாகப் பதிவு செய்யப்படுவதில்லை. டென்வரில் முந்தி எழுந்தவருக்கே அது கிடைக்கும்.

டென்வர் கடல் மட்டத்துக்குச் சரியாக ஒரு மைல் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து சுமார் 50 மைலுக்குள் வண்டி மேலும் 4,000 அடி ஏறுகிறது. ஏற்றத்தின் தொடக்கத்தில் ஒரு பெரிய வளைவு வரும். வண்டிகளையே புரட்டிவிடும் காற்று அங்கு வீசுவதால், பழைய சரக்கு வண்டிகளில் மண்ணை நிரப்பிப் பாதையோரம் வரிசையாக நிறுத்தி, அவற்றையே மதிலாக்கியிருக்கிறார்கள். பின்னர்ச் சிறு சுரங்கங்கள் பல கடந்து, 9,239 அடி உயரத்தில் மாபட் சுரங்கம் வருகிறது. அதன் நீளம் 6 மைலுக்குச் சற்று அதிகம். 1928-ல் அது திறக்கப்படும் வரையில் ரயில்கள் 11,600 அடிக்கு மேற்பட்ட கணவாய் ஒன்றின் மீது ஏறியே சென்றன. பனி வீழ்ந்தால் நாட்கணக்கில் அங்கு போக்குவரத்து நின்றுவிடும். சுரங்கத்துக்கு அப்பால் கொலராடோ ஆறு துணையாக வருகிறது. கரை ஓரங்களில் உறைந்தும் நடுவில் ஓடியும் கிடக்கும் அந்த ஆற்றை ஒட்டி வண்டி 238 மைல் செல்கிறது. மோட்டார் சாலை எட்டாத பள்ளத்தாக்குகளும் அவ்வழியில் உண்டு.

இரண்டாவதாக வேண்டுவது பொறுமை. இவ்வண்டி ஓடும் தண்டவாளங்களில் மிகப் பெரும்பகுதி சரக்கு ரயில் கம்பெனிகளுக்குச் சொந்தமானது. பிரயாணி வண்டிக்கே முன்னுரிமை என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையிலோ நீண்ட சரக்கு வண்டிக்காகப் பிரயாணிகள் காத்துக்கிடப்பது சாதாரணம். அதற்கு மேல் பனியும் உண்டு. 1952-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி 'ஸிட்டி ஆப் ஸான் பிரான்ஸிஸ்கோ' என்னும் வண்டி ஸியரா மலையில் பனிக்குவியலில் புதைந்து, 226 பேருடன் மூன்று நாள் அகப்பட்டுக் கிடந்தது. சூடும் வெளிச்சமும் அற்றுப் போன நிலையில் அவர்கள் மீட்கப்பட்டார்கள். இந்நாளில் பனி அகற்றும் யந்திரங்கள் சிறந்தவை. எனினும் இயற்கை நமது அட்டவணைக்குக் கட்டுப்பட்டதன்று. போய்ச் சேரும் நாளிலேயே விமானத்துக்கோ, கல்யாணத்துக்கோ ஏற்பாடு செய்துகொள்ளலாகாது. கடைசியில் ஒரு நாளை வெறுமையாக விட்டு வைப்பதும், கம்பளி உடையையும் சிறிது உணவையும் கைப்பெட்டியில் வைத்துக்கொள்வதும் விவேகமாகும்.

மூன்றாவது யோசனை ஒன்று உண்டு. பிரயாண நூல்கள் பலவற்றில் அதற்கு இடமில்லை. நாமோ அதையே முக்கியமாகக் கருதுகிறோம். மூன்றாம் நாள் முற்பகலில் டானர் ஏரி கீழே தென்படும்போது பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்க்க வேண்டும். ஆண்டுக்குச் சராசரி 30 அடி பனி வீழும் இடம் அது. 1846-ல் மாட்டு வண்டிகளில் வந்த எண்பதுக்கு மேற்பட்ட குடியேறிகள் அங்கே பனியில் சிக்கினர். வசந்த காலம் வருமுன் அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். இருபது ஆண்டுகளுக்குப் பின், அதே மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டவர்கள் சீனத் தொழிலாளர்கள். அந்தக் கம்பெனியின் வேலைக்காரர்களில் பத்தில் ஒன்பது பங்கினர் அவர்களே. 1,659 அடி நீளமுள்ள உச்சிச் சுரங்கத்தைக் கருங்கல்லில், ஒவ்வொரு முகப்பிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் அடி வீதம் வெட்டினார்கள். 1866-67 குளிர்காலத்தில் பனிக்கு அடியில் வழி குடைந்து அதற்குள்ளேயே வாழ்ந்தார்கள். பனிச்சரிவுகள் பலரைக் கொண்டு போயின. எத்தனை பேர் என்பதைக் கம்பெனி எழுதி வைக்கவும் இல்லை!

வெள்ளைத் தொழிலாளருக்குக் கூலியுடன் உணவும் கிடைத்தது. சீனர் தம் உணவைத் தம் கூலியிலேயே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. 1867-ம் வருஷம் ஜூன் மாதம், உயர்ந்த கூலியும் குறைந்த வேலை நேரமும் கோரி அவர்களில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். பலாத்காரம் சிறிதும் இல்லை. அமைதியாகக் கூடாரங்களில் இருந்தார்கள். கம்பெனி அவர்களுக்கு உணவு வருவதை நிறுத்திற்று; ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முறிந்தது. 1869-ம் வருஷம் மே 10-ந் தேதி கிழக்குப் பாதையும் மேற்குப் பாதையும் இணைந்தன. அன்று எடுத்த புகழ்பெற்ற படத்தில் சீன முகத்தைக் காண்பது அரிது. 1882-ல் சீனத் தொழிலாளர் நாட்டினுள் வருவதையே சட்டம் தடுத்தது. 1943 வரையில் அத்தடை நீங்கவில்லை. பாதை அமைத்தவர்களை அமெரிக்கத் தொழிலாளர் இலாகா தனது கௌரவ மண்டபத்தில் சேர்த்தது 2014-ல்தான்.

உச்சிச் சுரங்கத்தில் இன்று தண்டவாளம் இல்லை, 1993-ல் அகற்றிவிட்டார்கள். சற்றுத் தெற்கே 1925-ல் வெட்டிய வேறு சுரங்கத்தின் வழியாகவே நமது அன்பரின் வண்டி செல்லும். ஆயினும் காரை பூசாமல் சீனர் அடுக்கிய கல் மதில் மலைமேல் இன்றும் நிற்கிறது. அதற்கு அப்பால் கால்பாக்ஸ் ஊருக்கு அருகே, செங்குத்தான சரிவில் அவர்கள் காலத்தில் வெட்டிய பாதை இன்றும் ரயில் பாதையாகவே இருக்கிறது.

நமது அன்பர் மேற்கு நோக்கிய வண்டியில் ஜனவரி மாதத்துக்கு இடம் பதிவு செய்துவிட்டார். எந்த மணிக்கு எந்த மலை வரும் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். டானர் கணவாய்க்கு எதிரே 'சீனத் தொழிலாளர்' என்று எழுதிக்கொள்ளும்படி நாம் சொன்னோம், எழுதிக்கொண்டார். அவர் சுகமாய்ப் போய் வரட்டும்.