புதுசு வந்தா பழசு வேஸ்ட்டா பாஸ்?

ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் நடக்கிற சண்டைகளில் மூணு வகை உண்டு. மெஸ் சாம்பார் சண்டை, 'என் பக்கெட்டை எவன்டா எடுத்தது' சண்டை, அப்புறம்... 'எந்த பார்ட் பெஸ்ட்' சண்டை. முதல் ரெண்டும் அரை மணி நேரத்தில் முடிஞ்சிடும். மூணாவதுக்கு விடிய விடிய உட்கார்ந்தாலும் தீர்ப்பு வராது!

"புது பார்ட்தான்டா மாஸ். கிராஃபிக்ஸ் பாரு!" என்று ஒரு கோஷ்டி. "போடா, பழைய பார்ட் கால் தூசிக்கு வருமா?" என்று இன்னொரு கோஷ்டி. நீங்க எந்தக் கோஷ்டியா இருந்தாலும் சரி, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. இந்த வாரம் நாம அந்தப் பஞ்சாயத்துக்குத்தான் வர்றோம்.

பிராதுக்கு எடுத்துக்கிட்டது 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' சீரிஸ். ரோல் ப்ளேயிங் கேம் வகை. அதாவது, ஒரு கேரக்டரை நீங்களே உருவாக்கி, அந்த ஆளாகவே வாழ்ந்து, சண்டை போட்டு, திருடி, மந்திரம் படிச்சு முன்னேறணும். ஏன் இந்த சீரிஸ்? பெதஸ்டா என்கிற ஒரே கம்பெனி, டாம்ரியல் என்கிற ஒரே கற்பனைக் கண்டம், அஞ்சு முக்கிய பார்ட். 1994-ல் 'அரினா', 1996-ல் 'டாகர்ஃபால்', 2002-ல் 'மாரோவிண்ட்', 2006-ல் 'ஆப்லிவியன்', 2011-ல் 'ஸ்கைரிம்'. ஒரே சமையல்காரர் அஞ்சு தடவை வச்ச குழம்பு மாதிரி. ருசி எங்கே ஏறுச்சு, எங்கே இறங்குச்சுன்னு பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

35... 27... 21... 18!

பழைய கோஷ்டியின் முதல் அஸ்திரம் இந்த நம்பர்ஸ்தான். டாகர்ஃபாலில் உங்கள் கேரக்டருக்கு 35 திறமைகள். மாரோவிண்டில் 27. ஆப்லிவியனில் 21. ஸ்கைரிமில் 18. ஆப்லிவியன் வரைக்கும் பலம், புத்தி, வேகம் என்று எட்டு குணங்கள் இருந்தன. ஸ்கைரிமில் அதையெல்லாம் தூக்கிட்டு உயிர், மந்திர சக்தி, தெம்பு என்று மூணே மூணு. "பார்த்தியா, பார்ட்டுக்குப் பார்ட் கேமை எல்.கே.ஜி. ஆக்கிட்டாங்க!"

கேட்கும்போது கரெக்ட் மாதிரிதான் இருக்கு. ஆனா, அந்த 35-க்குள்ள என்ன இருந்ததுன்னு பார்த்திருக்கீங்களா? அதில் ஒன்பது, அரக்கர்கள், ராட்சதர்கள், குட்டிச்சாத்தான்கள் பேசுகிற பாஷைகள். கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டா, எதிரே வர்ற பிராணி சில சமயம் உங்களை அடிக்காம விட்டுடும். அவ்வளவுதான் லாபம். அதுகிட்ட உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசக்கூட முடியாது. பேப்பரில் இருக்கும், பரீட்சைக்கு வராத சிலபஸ் மாதிரி. அதை எடுத்ததில் யாருக்கு நஷ்டம்?

டாகர்ஃபாலின் மேப்பும் இதே கதைதான். சுமார் 15,000 இடங்கள். ஊர், கோயில், பாதாள அறை என்று எக்கச்சக்கம். பெரும்பாலானதைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கட்டியது. பத்து ஊர் சுத்தினதும் பதினோராவது ஊரில் நுழையும்போது, 'இதை நேத்தே பார்த்தோமே!' என்று தோணும். அடுத்து வந்த மாரோவிண்ட், அந்த அகலத்தை விட்டுட்டு ஒரே ஒரு தீவை எடுத்துக்கிச்சு. ஒவ்வொரு குகையையும், மேஜை மேல் இருக்கிற தட்டையும்கூட ஆள் வச்சு கையால் அடுக்கினாங்க. சைஸ் பயங்கரமா குறைஞ்சது. கேம் பல மடங்கு நல்லா ஆச்சு.

ஆக, 'குறைச்சாலே மோசம்' என்கிற வாதம் தள்ளுபடி. நெக்ஸ்ட்!

வாளை வீசினா நண்டு சிரிக்கும்

இப்போ புதுக் கோஷ்டி எழுந்திரிக்கலாம். உங்க பக்கமும் நியாயம் இருக்கு.

மாரோவிண்டை இன்னிக்கு முதல் தடவையா ஆடுறவங்க பாதிப்பேர் அரை மணி நேரத்தில் ஓடிப்போகக் காரணம், அந்த சண்டை. எதிரே நண்டு நிக்குது. வாளை வீசுறீங்க. வாள் நண்டு உடம்புக்குள்ளயே போய்ட்டு வருது, கண்ணால பார்க்குறீங்க. ஆனா அடி விழலை! திரும்ப வீசுறீங்க. அப்பவும் இல்லை. உள்ளே கம்ப்யூட்டர் ரகசியமா தாயம் உருட்டிக்கிட்டு இருக்கு. உங்க வாள் திறமை கம்மி, ஓடி வந்ததில் தெம்பும் கம்மி. அதனால் தாயம் விழலை. கணக்கு நியாயம்தான், ஆனா கண்ணு பார்க்கிறது ஒண்ணு, கேம் சொல்றது ஒண்ணுன்னா கடுப்பாகுமா, ஆகாதா? ஆப்லிவியனில் இதைச் சரி பண்ணாங்க. வாள் பட்டா பட்டதுதான். திறமை கம்மின்னா அடியின் வேகம்தான் குறையும். இது சந்தேகமே இல்லாத முன்னேற்றம்.

ஆனா அதே ஆப்லிவியன் ஒரு புது வியாதியையும் கொண்டுவந்தது. நீங்க வளர வளர, எதிரிகளும் உங்களுக்குச் சமமா வளர்வாங்க. நீங்க லெவல் ஏறி, ஊரே மெச்சுற வீரனா நடந்து வர்றீங்க. வழியில் ஒரு வழிப்பறிக்காரன் மறிச்சு, 'நூறு பொற்காசு எடு'ங்கிறான். அவன் போட்டிருக்கிற கவசத்தைப் பாருங்க... ராஜாக்கள் போடுற காஸ்ட்லி கவசம்! அதை வித்தாலே ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம். அவன் எதுக்குப்பா நூறு காசுக்கு ரோட்டில் நிக்கணும்? நீங்க படி ஏறினா தரையும் கூடவே ஏறுது. அப்புறம் எதுக்கு ஏறணும்?

ஸ்கைரிம் இதைப் பெருமளவு சரி செஞ்சது. இந்தக் குகையில் எதிரிகளின் பலம் இந்த அளவுக்குக் கீழே இறங்காது, இதுக்கு மேலே ஏறாது என்று இடத்துக்கு இடம் எல்லை வச்சாங்க. அதனால், பயந்து ஓடின இடத்துக்கே பத்து லெவல் கழிச்சுத் திரும்பிப் போய்ப் பழி வாங்குற சந்தோஷம் மறுபடி கிடைச்சது. புதுசு பழசைவிட பெட்டர்தான்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம்.

அந்தப் பாழாப்போன அம்புக்குறி!

சரி, இப்போ அசல் வழக்குக்கு வருவோம்.

மாரோவிண்டின் ஆரம்பத்தில் ஒருத்தர் உங்களை ஒரு பழங்காலப் பெட்டி எடுத்துட்டு வரச் சொல்வார். எங்கே இருக்கு? மேப்பில் புள்ளி வைக்க மாட்டார். வாயால் வழி சொல்வார். ஊரை விட்டு வெளியே போ, கோட்டையைத் தாண்டு, பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு பழைய பாலம் வரும், அதைக் கட... அந்தப் பக்கம் இடிஞ்ச கோட்டை தெரியும், கதவைத் திறக்கப் பக்கத்தில் இருக்கிற திருகுகையைத் திருப்பு. நம்ம ஊர் டீக்கடையில் வழி கேட்டா சொல்ற மாதிரியேதான். பாலத்தைத் தவற விட்டீங்க, போச்சு! எங்கேயோ சாம்பல் காட்டில் நிப்பீங்க. உள்ளே போனாலும் பெட்டி சின்னது. அலமாரியில் கமுக்கமா உட்கார்ந்திருக்கும். அதைத் தேடியே ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சவங்க உலகம் பூரா இருக்காங்க.

ஆனா அப்படித் தொலைஞ்சு போற வழியில்தான், தேடாத ஒரு கல்லறை, பேர் தெரியாத ஒரு கிராமம் எல்லாம் கண்ணில் படும். ஆட்டத்தின் முதல் ஊரை விட்டுக் கிளம்பினதும், வானத்திலிருந்து அலறிக்கிட்டே ஒரு ஆள் விழுந்து செத்துப் போவான். அவன்கிட்ட மூணு மந்திரச் சுருள் இருக்கும். ஒண்ணைப் படிச்சுட்டுக் குதிச்சா, மலைகளைத் தாண்டிப் பறப்பீங்க. ஆஹான்னு இருக்கும். அப்புறம்தான் அவன் ஏன் செத்தான்னு புரியும்... இறங்குறதுக்குள்ள மந்திரம் தீர்ந்துடும்! கீழே வர்றதுக்கு முன்னாடி ரெண்டாவது சுருளைப் படிச்சா பிழைச்சுக்கலாம். இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. நீங்களே செத்துத்தான் கத்துக்கணும்.

2006-ல் ஆப்லிவியன் வந்தது. திசைகாட்டியில் ஒரு அம்புக்குறி முளைச்சது. போக வேண்டிய இடம், பேச வேண்டிய ஆள், எடுக்க வேண்டிய பொருள்... எல்லாத்தையும் அதுவே காட்டும். வசதிதான். யார் இல்லைன்னா? மறுநாள் இன்டர்னல் வச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் மட்டும் ஆடுறவனுக்கு அது வரப்பிரசாதம்.

"வேண்டாம்னா அம்பைக் கவனிக்காம ஆடு"ன்னு புதுக் கோஷ்டி சொல்லும். அங்கேதான் சிக்கல். மாரோவிண்டில் பெரும்பாலான பேச்சு எழுத்தில்தான் வரும். எத்தனை வரி வேணும்னாலும் எழுதலாம். ஆப்லிவியனில் எல்லாப் பேச்சுக்கும் நடிகர்கள் குரல் கொடுத்தாங்க. ஒவ்வொரு வரிக்கும் செலவு, டிஸ்க்கில் இடம். அதான் அம்பு இருக்கே, வழியை வேற எதுக்குப் பேசணும்? அப்படியே வழி சொல்ற வசனம் பல இடங்களில் காணாமலே போச்சு. ஸ்கைரிமில் அம்பை அணைச்சிட்டு உங்க டைரியைப் பார்த்தா, 'அந்த வாளைக் கண்டுபிடி' என்கிற மாதிரி ஒத்தை வரிதான் இருக்கும். எங்கேன்னு டைரிக்கும் தெரியாது. நீங்க அம்பை அணைக்கலாம். ஆனா அது விழுங்கின வார்த்தைகளைத் திரும்ப வாங்க முடியாது.

பறக்கிற மந்திரமும் இப்படித்தான் போச்சு. மாரோவிண்டில் சில மந்திரவாதிகளின் கோபுரத்தில் படிக்கட்டே கிடையாது. பறக்கத் தெரியாதவன் மேலே வரவேண்டிய அவசியம் இல்லைங்கிற திமிர்! ஆப்லிவியனில் பெரிய நகரங்களை மதிலுக்குள் தனித்தனியா லோட் ஆகிற மாதிரி பண்ணாங்க. மதில் மேலே பறந்தா குட்டு உடைஞ்சிடும். அதனால் பறக்கிறதையே தூக்கிட்டாங்க.

முக்கியமான ஆளைக் கொல்ற உரிமையும் அப்படியே. மாரோவிண்டில் கதைக்குத் தேவையான ஆளைக் கொன்னா, 'விதியின் நூல் அறுந்துபோச்சு'ங்கிற அர்த்தத்தில் எச்சரிக்கை வரும். பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பறதா, கெட்டுப்போன உலகத்திலேயே வாழறதான்னு உங்க இஷ்டத்துக்கு விட்டுடும். ஆப்லிவியனில் அந்த மாதிரி ஆளை எத்தனை வெட்டு வெட்டினாலும், மயங்கி விழுந்து, கொஞ்ச நேரத்தில் தூசி தட்டிட்டு எழுந்து வருவார். தப்பு பண்ணவே முடியாத இடத்தில், நீங்க நல்லவரா இருந்து என்ன பிரயோஜனம்?

கஷ்டமா இருந்தா எவன் வாங்குவான்?

கம்பெனிகள் வழக்கமா சொல்ற சமாதானம் இது. ஸ்கைரிம் 6 கோடிக்கும் மேல் வித்திருக்கு என்று 2023-ல் சொன்னாங்க. அந்தக் கணக்கைக் காட்டினா நாம வாயை மூடிக்க வேண்டியதுதானா?

இல்லை பாஸ். 2022-ல் வந்த 'எல்டன் ரிங்'கைப் பாருங்க. செய்ய வேண்டிய வேலைகளின் லிஸ்ட் கிடையாது. யார் என்ன சொன்னாங்கன்னு நீங்கதான் ஞாபகம் வச்சுக்கணும். ஒரே வருஷத்தில் 2 கோடி காப்பி! 2023-ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3', 2000-ல் வந்த ரெண்டாவது பார்ட்டுக்கு அப்புறம் 23 வருஷம் கழிச்சு வேற கம்பெனி செஞ்ச மூணாவது பார்ட். மாரோவிண்ட் ஒளிச்சு வச்ச அதே தாயத்தை, திரையிலேயே பெருசா உருட்டிக் காட்டுச்சு. அந்த வருஷம் 'கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த கேம் அதுதான். ஜனங்களுக்குக் கஷ்டம் பிடிக்காதுன்னு இல்லை. அநியாயமான கஷ்டம்தான் பிடிக்காது. நண்டு மேல் படாத வாள் அநியாயம். டீக்கடைக்காரர் சொன்ன வழியைத் தேடி அலையறது... அதுதான் ஆட்டமே!

தீர்ப்பு சொல்ல மூணு கேள்வி

அடுத்த தடவை ரூமில் சண்டை வந்தா இதைக் கேளுங்க.

1. புது பார்ட்டில் எதை எடுத்தாங்களோ, அதைப் பழைய பார்ட்டில் யாராவது நிஜமா உபயோகிச்சாங்களா? (குட்டிச்சாத்தான் பாஷை: இல்லை. பறக்கிற மந்திரம்: ஆமாம்!)

2. எடுத்த இடத்தில் என்ன வச்சாங்க? புதுசா ஏதாவது செய்ய விட்டாங்களா, இல்லை உங்களுக்குப் பதிலா கேமே செய்யுதா?

3. நீங்க முதன்முதலா ஆடினது எந்த பார்ட்? இதுக்கு மட்டும் நெஞ்சில் கை வச்சு பதில் சொல்லுங்க. பத்தாவது லீவில் ஆடின கேம் எப்பவுமே பெஸ்ட்டாத்தான் தெரியும். 'எங்க காலத்துல...'ன்னு அப்பா ஆரம்பிச்சா நாம எப்படி முழிப்போமோ, ஜூனியர்கள் நம்மளையும் அப்படித்தான் பார்ப்பாங்க.

என் தீர்ப்பு? இந்த சீரிஸில் கை, கண், காது சம்பந்தப்பட்டதெல்லாம் பார்ட்டுக்குப் பார்ட் முன்னேறியிருக்கு. சண்டை, அழகு, பனி கொட்டுற மலை... ஸ்கைரிமை அடிச்சுக்க முடியாது. ஆனா ஆடுறவனை நம்பி விடுகிற விஷயத்தில் ஒவ்வொரு படியா இறங்கியிருக்கு. ஏறினது எல்லாம் டிரைலரில் தெரியும். இறங்கினது தெரியாது. அதான் யாரும் சத்தம் போடலை.

ஆறாவது பார்ட் வரப்போறதா 2018-ல் அறிவிச்சாங்க. 2025 முடியற வரைக்கும் வரலை. அதுக்குள்ள அஞ்சாவது பார்ட்டையே 2016, 2017, 2021 என்று விதவிதமான டப்பாவில் போட்டு வித்துட்டாங்க. 2025-ல் ஆப்லிவியனுக்கும் புதுப் பெயின்ட் அடிச்சு விட்டாங்க. நாம என்னத்தைப் பாராட்டுறோமோ, அதைத்தான் அடுத்த தடவையும் செய்வாங்க. 'புல்லு எவ்ளோ ரியலா இருக்கு பாரு'ன்னே சொல்லிக்கிட்டு இருந்தா, ஆறாவது பார்ட்டிலும் நமக்குப் புல்லுதான் கிடைக்கும்.

அதனால், ஸ்கைரிமை முடிச்சவங்க இந்த லீவில் ஒரே ஒரு ராத்திரி மாரோவிண்டைத் திறங்க. நண்டு கிண்டல் பண்ணும், பொறுத்துக்குங்க. நெட்டில் மேப் பார்க்காம அந்தப் பழைய பாலத்தைத் தேடிப் போங்க. தொலைஞ்சு போய், சுத்தி, கடைசியில் நீங்களே கண்டுபிடிக்கிற அந்த நிமிஷம் எப்படி இருந்ததுன்னு ஞாபகம் வச்சுக்குங்க.

அப்புறமா ரூமுக்கு வாங்க. சண்டையை அங்கேயிருந்து தொடரலாம்!