பிள்ளைக்குச் சோம்பலா, மனச்சோர்வா?



காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். மனச்சோர்வு தொட்டால் தெரியாது. அதனால் "சோம்பேறி", "திமிரு", "காத்துக்கருப்பு பட்டிருக்கு" என்று ஆளுக்கொரு பேர் வைக்கிறோம்.

அடையாளங்கள் இவை: ஆசையாக ஆடிய பந்தை விட்டுவிடும். தூக்கம் கெடும், அல்லது எந்நேரமும் படுத்தே கிடக்கும். சாப்பாடு இறங்காது. சும்மாவே எரிந்து விழும். படித்தது மனதில் நிற்காது. தலைவலி, வயிற்றுவலி என்று மட்டும் சொல்லி மருந்துக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. இரண்டு வாரம் தினமும் இப்படியே இருந்தால் வைத்தியம் தேவை.

வீட்டுக் கஷ்டம், பள்ளியில் கேலி, பரம்பரை என்று காரணங்கள் பல. அவற்றோடு நினைப்பும் சேர்கிறது. சோர்ந்த மனம் தன்னைப் பற்றியும், சுற்றி இருப்பவர்களைப் பற்றியும், வரும் காலத்தைப் பற்றியும் தப்புக் கணக்குப் போடுகிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் எடுத்துக் காட்டினார். தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் பாடம் மலாயில் என்றதும் திணறலாம். மொழி பழக நாள் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் பிள்ளையோ, "நான் மக்கு. யாரும் மதிக்க மாட்டாங்க. எஸ்.பி.எம். தேறாது" என்று முடிவு கட்டிவிடும்.

"நாங்கதான் இருக்கோமே, வந்து சொன்னா என்ன?" என்பீர்கள். சொல்லாது. "அப்பா அம்மா வெயிலில் பாடுபடுறாங்க, நான் அவங்களுக்குப் பாரம்" என்று நினைக்கும் பிள்ளை எப்படி வாய் திறக்கும்? நாம்தான் முதலில் போகவேண்டும்.

பக்கத்தில் உட்காருங்கள். "முகம் வாடியிருக்கே, என்னய்யா?" என்று கேளுங்கள். பேசி முடிக்கும்வரை பொறுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். "எல்லாப் பாடத்திலுமா தோத்தே, ஒண்ணுலதானே?" என்று கணக்கைத் திருத்துங்கள். பாட்டியோ, மாமாவோ, வாத்தியாரோ, பிள்ளையின் மனம் யாரிடம் ஒட்டுகிறதோ அவரையும் பேசச் சொல்லுங்கள்.

அப்படியும் தெளியாவிட்டால் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். பேச்சு மூலம் நினைப்பைச் சீராக்கும் சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் மருந்தும் கொடுப்பார்கள்.

"செத்துடலாம்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். தனியாக விடாதீர்கள். புல்லு மருந்தைப் பூட்டி வையுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் பேசலாம். போலீசுக்குப் பயந்து மறைக்கவேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

இன்று வேலை முடிந்து வீடு திரும்பியதும், பரீட்சை மார்க்கைக் கேட்குமுன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.